சொக்கம்மாளின் போட்டோ

ராயபுரம் கிடங்கில் கோணி தைத்துப் பிழைத்த சொக்கம்மாள்மீது 1953இல் அரிசித் திருட்டு வழக்கு விழுந்தது. மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் போலீசார் அவளுடைய கைரேகையையும் போட்டோவையும் எடுத்தார்கள். வழக்கு நிற்கவில்லை, விடுதலையானாள். வக்கீல் சொன்னபடி தீர்ப்பு நகலோடு ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஏட்டு படித்துப் பார்த்தார். "முன்னே தண்டனை எதுவும் இல்லே. அப்போ ரெண்டையும் நாங்க அழிச்சுடணும், இல்லாட்டி உன்கிட்டே குடுத்துடணும். அதான் சட்டம். இன்னா பண்லாம்?"

"கையிலயே குட்த்துடுங்க ஏட்டய்யா."

ரேகைத் தாளை வாசலிலேயே சுக்குநூறாகக் கிழித்தாள். போட்டோவைக் கிழிக்க மனசு வரவில்லை. நாற்பது வயதுவரை அவளை யாரும் படம் எடுத்ததில்லை. வீட்டுச் சுவரில் மாட்டினாள்.

"மொறச்சிகினு கீறியே" என்றான் புருஷன் லோகநாதன்.

"திருடின்னு சொன்னா சிரிப்பாங்களா?" என்றபடி அவள் படத்தை நேராக்கினாள்.