ரோமில் செருப்பைத் தொலைத்த மல்லி

மல்லிக்குட்டி... இன்று விடியற்காலை நீ போய்விட்டாய் என்று உன் மருமகள் போன் செய்தாள்.

தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. அதிலும் கொடுத்துவைத்தவள் நீ.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் பம்மலில் ஒரு ஷூ கம்பெனியில் மல்லிகாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஷூவின் மேல்தோல் மட்டும்தான் தைப்போம். அது இத்தாலி போய், அங்கேதான் அடியில் சோல் ஒட்டி முழு ஷூ ஆகும்.

ஒருநாள் அந்த ஊர் ஆட்கள் வந்தார்கள். என் தையலைத் தடவிப் பார்த்து, இந்தப் பெண்ணை எங்கள் ஊருக்கு ட்ரெயினிங் அனுப்புங்கள் என்றார்கள். வரிசையாக மிஷின் போட்டிருந்த எங்கள் லைனே கை தட்டியது.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். "கோமளா, பாஸ்போர்ட் இருக்கா?"

"ரேஷன் கார்டுதான் சார் கீது."

உன்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. துபாயில் இருந்த உன் வீட்டுக்காரர் கூப்பிடுவார் என்று எடுத்து, அவர் கூப்பிடாமலே பீரோவில் கிடந்தது. யோகம் அதற்கு அடித்தது... என் தையலுக்கு இல்லை.

வேன் வைத்து எல்லோரும் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு வந்தோம். மாலை, எலுமிச்சம்பழம், அழுகை.

"எனக்கு பயமா கீதுடி. பேசாம நீயே போயிருக்கலாம்" என்று என் கையைப் பிடித்தாய். உன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது.

திரும்பி வந்த பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் ரோம்தான். ஈஸ்டர் லீவுக்கு அங்கே கம்பெனியை மூட, கூட வேலை செய்த ஒரு அம்மா உன்னை ரயிலில் ரோமுக்குச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போன கதை.

வட்டமாக, பாதி இடிந்து நிற்கும் அந்தப் பெரிய கட்டடம். தெருவுக்குத் தெரு தண்ணீர் கொட்டும் சிலைகள்... ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது செருப்புக் கதையைத்தான்.

பெரிய சர்ச் வாசலில் நீ செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறாய். வந்து பார்த்தால் காணோம். கூட்டுகிறவன் குப்பையோடு அள்ளிப் போய்விட்டான்.

"அங்கதான் எல்லாரும் ஷூவோடவே உள்ள போறாங்களாமேடி!"

"அவங்க போவாங்க. சாமி கீற எடத்துல நான் எப்டிடி போவேன்?"

"அப்புறம் இன்னாதான் பண்ண?"

"வெறுங்காலோட நடந்தேன். ஊருக்கே ஷூ தெச்சிக் குடுக்கிறவ, பரதேசி மாதிரி!"

லைனே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளே வயிறு எரியும். ரோமில் தொலைப்பதற்குக்கூட எனக்கு ஒரு செருப்பு இல்லையே...

உன் கால் சில்லிட்டுப் போனதைப் பார்த்து அந்த அம்மா ஒரு கடைக்குக் கூட்டிப்போய் ஷூ வாங்கிக் கொடுத்தார். பிரவுன் கலர். முன்னால் இலை மாதிரி மடிப்பு.

அந்த மடிப்பு நம் லைனில் என் மிஷினில் மட்டும்தான் ஓடியது.

அதைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்தாய். என் தையலை முழு ஷூவாக நான் முதன்முதலில் பார்த்தது உன் காலில்தான். அன்று முழுக்க உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

இன்று உன் வீட்டுக்கு வந்தேன். ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு உன் மருமகள் வருகிறவர்களிடம் எல்லாம், "அத்தை ரோமெல்லாம் பாத்தவங்க" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

சாவு வீட்டிலும் அந்த ரோமா என்று இருந்தது எனக்கு. பொய் சொல்வானேன்... இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அழுகையும் நிற்கவில்லை.

போய் வாடி, என் செல்லமே.

ஒன்றே ஒன்று... இத்தனை வருஷமும் வீம்பில் கேட்காமல் விட்டது.

அந்தக் கடையில் ஷூவைக் காலில் மாட்டும்போது, இது எங்க கோமளா தெச்சதுன்னு அங்க யார்கிட்டயாவது சொன்னியாடி?