செண்பகம் அக்காவின் பெரிய எழுத்து

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் பந்திக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி செண்பகம் அக்கா இறந்துவிட்டார்கள் என்றார்கள். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அக்காவும் நானும் ஜங்ஷனில் ஓர் உரக் கம்பெனியில் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் கடிதம் அடித்தோம். அக்கா கணவரை இழந்தவர்கள். மகள் மீனாவின் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. போன வருடம் மேலாளர் கழித்துப் போட்ட பழைய லேப்டாப்பை அக்கா கேட்டு வாங்கினார்கள். ஓட்டை உடைசலுக்கு இப்படி ஓர் ஆசையா என்று அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து அதே மாதிரி, ஓடாத இன்னொன்றை வரவழைத்தார்கள். அதன் மெமரியைக் கழற்றி இதில் போட என்னைத் துணைக்கு அழைத்தார்கள். கழற்றிய ஒவ்வொரு ஸ்குருவையும் தாளில் சோற்றுப் பருக்கை வைத்து வரிசையாக ஒட்டி, தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அக்கா, கண்ணு தெரியலையா?"

"வலது போயிட்டு. சுகர். இடது பைய மங்குது. மெமரி கூடுனா எழுத்தப் பெரிசாக்குத சாப்ட்வேர் ஓடும்லா, அதுக்குத்தான் இவ்வளவும். யாருட்டயும் சொல்லிராத தம்பி, வேலை போயிரும். மீனா முடிக்க இன்னும் ஒரு வருசம் கெடக்கு."

நான் சொல்லவில்லை. லேப்டாப் ஓடியது. திரைக்கு ஐந்தே வரி. அதில் பிழையில்லாமல் அடித்தார்கள். சாயங்காலம் கூடவே நடந்து சாலையைக் கடத்திவிட்டு, பஸ் பலகையைப் படித்துச் சொல்வது என் வேலை. "பஸ்லயும் கொஞ்சம் பெரிசா எழுதச் சொல்லேன்" என்பார்கள்.

கொடைக்கு லீவு போடத் தயங்கினேன். "போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். பாவி நான், போனேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் மேலாளர் அக்கா மேசையிலிருந்த அந்த லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தார். "இதென்னவே, எழுத்து இவ்வளவு பெரிசா?"

எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா போன் எடுக்குத வேலை குடுத்திருப்பேன். அன்னைக்கு நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேனே வே."

மெய்யாகவே கொடுத்திருப்பாரா, தெரியாது. ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் அக்கா என்று நான் சொன்னதே இல்லை. அந்த வருத்தம் என்னோடுதான் போகும்.

அன்று சாயங்காலம் பஸ் வந்து நின்றது. பழக்கதோஷத்தில் பலகையை உரக்கப் படித்துவிட்டேன்: "பாபநாசம், கல்லிடைக்குறிச்சி வழி." பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உங்கள் பஸ்தான் அக்கா. பைய ஏறுங்கள்.