வேண்டுதலுக்கு வந்த மீன்கள்

என் தங்கை கீர்த்தனாவின் கணவன் வல்லரசுக்குக் கடலுக்குள் மூழ்கத் தெரியும், மீனைப் பற்றிப் படித்த பட்டமும் உண்டு. புத்தி மட்டும் கிடையாது. கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை போடும் குடும்பத்திலிருந்து கடலாராய்ச்சிக்குப் போன முதல் ஆள் என்று ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நானும் ஆடினேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

தெற்கே, மீன்பிடிக்கத் தடை உள்ள கடல் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் அவனை வேலைக்கு வைத்தது. அங்கே ஒரு பவளப்பாறைக்குக் களவா மீன்கள் முட்டையிடக் கூட்டமாக வருகின்றனவா என்று மூழ்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வருகின்றன என்றால் தடை நீடிக்கும். இல்லையென்றால் வலைக்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள், வல்லரசின் வேலையும் போய்விடும். அவன் இல்லாமல் படகு கிளம்பக் கூடாது என்பது அங்கே விதி.

போன முதல் மாதமே நம்ம மாப்பிள்ளை ஐயா ஒரு வேண்டுதல் வைத்தார். மீன் வரவேண்டும், வேலை நிலைக்க வேண்டும்; அதற்காகப் பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுவது. மாதாமாதம் லீவு போட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்து இறங்குவான். செருப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் பயபக்தியாக நடப்பான். பிறகு சாவகாசமாகத் திரும்பிப் போய், கடலில் இறங்கி, வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, கூட்டம் இல்லை என்று எழுதிக் கொடுப்பான்.

கடைசியில் அந்தப் பகுதியைத் திறந்துவிட்டார்கள். வேலை போய், பெட்டியோடு என் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். கீர்த்தனா அழுதழுது முகம் வீங்கிக் கிடந்தாள். எனக்கு ஒரு சந்தேகம்.

"அந்த மீனுங்க எப்ப மாப்ள கூடும்?"

"பௌர்ணமிக்குதான் மச்சான். அப்புறம் சீக்கிரமே கலைஞ்சிடும். அதெல்லாம் படிச்சிருக்கேனே."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். மீன் வரணும்னு மலை சுத்திட்டு இருந்தேன்."

கீர்த்தனா அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். இவனுக்குப் பட்டம் கொடுத்தவர்களைத் தேடிப் போய்த் திட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு.

அடுத்த பௌர்ணமி கழிந்த காலையில், அவனோடு வேலை பார்த்த ஒருவர் அங்கிருந்து அவன் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். படகு நிறையக் களவா மீன். ஒவ்வொன்றின் வயிறும் முட்டையால் புடைத்திருந்தது. முட்டையிட விடாமல் அள்ளிவிட்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. இப்போதாவது உறைத்ததே என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா மச்சான்," என்றான். "சாமி கைவிடல. வந்துடுச்சுங்க."