பதினோரு சண்டை, ஒன்றிலும் தோற்கவில்லை

இன்று காரவள்ளியிலிருந்து மலையேறும் பஸ்ஸில் என் பக்கத்தில் செல்வி அக்கா. எங்கள் ஊர்க்காரர், ஒரு காலத்தில் பாக்சிங் வீராங்கனை.

முன்சீட்டுக்காரர் செல்போனில் பெண்கள் பாக்சிங் பார்த்துக்கொண்டே, "இதுங்கெல்லாம் ரெண்டு குத்து வாங்கினா அழுதுட்டு ஓடிருமுங்க" என்றார்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: "நான் பதினோரு சண்டை போட்டேனுங்க. ஒண்ணுலயும் தோக்கலீங்க."

"அப்புறம் ஏனுங்க உட்டுட்டீங்க?" என்றார் முன்சீட்டுக்காரர்.

"கடைசி சண்டையில ஜெயிச்சேனுங்க. ஆனா கண்ணுக்குள்ள ஜவ்வு கிழிஞ்சு போச்சு. இன்னொரு குத்து பட்டா பார்வையே போயிரும்னு டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருங்க."

முன்சீட்டுக்காரர் சிரித்தார். "அப்ப தோத்த மாதிரிதானுங்க!"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முன்சீட்டுக்காரரிடம், "நீங்க எத்தனை சண்டை போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் வீடியோவை மட்டும் அணைத்தார்.

கண்ணைக் காப்பாற்றிக்கொண்டால் அது தோல்வியாம். உங்கள் பஸ்ஸிலும் இப்படி ஒரு நடுவர் ஏறியிருப்பாரே?