சாணத் தொட்டியும் ஓர் இம்போசிஷனும்

பாடநூல் ஒன்று சொல்லி, ஆதாரம் வேறொன்று சொன்னால், பொதுத்தேர்வு எழுதப்போகும் பெண்ணுக்கு எதைக் கற்றுத் தருவது? ஆவடியில் பிளஸ் டூ உயிரியல் ஆசிரியையாக இருக்கும் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

1. பண்ணை

சென்னீர்குப்பத்தில் ஒரு மாட்டுப்பண்ணைக்கு மாணவிகளை அழைத்துப் போனேன். கைக்குழந்தையைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காவிடம் விட்டிருந்தேன். பாதி மனம் அங்கேதான். சாண எரிவாயுத் தொட்டியைக் காட்டி, "இதுல மீத்தேன் உண்டாக்குறது பாக்டீரியா இல்ல" என்றேன். ஆய்விதழில் அண்மையில் வந்திருந்ததை விளக்கினேன். எல்லா உயிரணுக்களிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு. அதன் ஆர்.என்.ஏ.வை வெவ்வேறு உயிரினங்களில் ஒப்பிட்டால் எது எதற்கு நெருக்கம் என்று தெரியும். அப்படிப் பார்த்ததில், இவை பாக்டீரியாவிடமிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த தனிக் கிளை. பெயர் ஆர்க்கியா.

பண்ணைக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், சாணில இவ்ளோ விஷயம் கீதா? நான் நாத்தம் மட்டும்தான்னு நெனச்சிகினு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மும்தாஜ் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள்.

2. திருப்புதல் தேர்வு

மும்தாஜின் அப்பா பூந்தமல்லியில் தையல்காரர். அவளுக்கு மெடிக்கல் சீட் வேண்டும். அதற்கு அரை மார்க்கும் முக்கியம். மீத்தேன் உண்டாக்கும் உயிரிகள் எவை என்ற கேள்விக்கு ஆர்க்கியா என்று எழுதியிருந்தாள். பாடநூலில் உள்ளபடியே விடைக்குறிப்பில் பாக்டீரியா. நான் மார்க் போட்டேன்.

தலைமையாசிரியை பார்த்துவிட்டார். "பப்ளிக்ல நீயாம்மா திருத்தப்போற?"

"இல்ல மேடம்."

"அப்ப கீ-ல இருக்கிறபடி போடு. தப்பு விட்டவங்களுக்கெல்லாம் இம்போசிஷன் உண்டுல்ல, அதையும் குடு."

போட்ட மார்க்கை அடித்தேன். மும்தாஜ் தாளோடு வந்தாள்.

"அன்னிக்கு சொன்னது பொய்யா மிஸ்?"

"இல்லம்மா, அது உண்மைதான்."

"அப்ப இது?"

"இது பரீட்சைக்கு."

பக்கத்திலிருந்த தோழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, மொதல்ல டாக்டராவு. அப்புறமா சாணிய ஆராய்ச்சி பண்ணு."

3. கையெழுத்து

மறுநாள் இம்போசிஷன் கொண்டுவந்தாள். பக்கம் முழுக்க, 'மீத்தேன் உண்டாக்குபவை பாக்டீரியா.' அழகான கையெழுத்து.

"இனிமே மறக்க மாட்டேன் மிஸ்" என்றாள்.

மனப்பாடம் ஆன ஒன்றைப் பிறகு மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில்தான் கற்றேன். இரண்டையும் நினைவில் வை என்றால் தேர்வறையில் குழம்பிவிடுவாளோ? ஒன்றும் சொல்லாமல் விட்டால், நான் சொன்னதை இனி நம்புவாளா? ஆசிரியர்களாகவோ பெற்றோராகவோ இருப்பவர்கள் எழுதுங்கள். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடட்டுமா?