அத்தையின் சொந்த ஆட்டம்

சித்தப்பா கேரம் ஆடுவதைப் பார்க்க எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். அத்தை ஆடுவதைப் பார்க்க யாரும் நின்றதில்லை. இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் ஆடினார்கள்.

எண்பதுகளின் கடைசி. அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. அவருடைய தம்பியும் தங்கையும் எங்களோடுதான் இருந்தார்கள். சித்தப்பா ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் கேரம் ஆடி, திருநின்றவூரிலிருந்து வில்லிவாக்கம் வரைக்கும் பெயர் வாங்கியிருந்தார். அத்தை பத்தாவதோடு நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றப் போய்க்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அத்தை வந்து முகம் கழுவுவதற்குள் சித்தப்பா பலகையைத் துடைத்து, பவுடர் தூவி, காய்களை அடுக்கி வைத்திருப்பார். அத்தை எதிரே வந்து உட்கார்ந்து, "இன்னிக்கி யாருண்ணே?" என்று கேட்பாள்.

"பூந்தமல்லிக்காரன்" என்பார் சித்தப்பா.

உடனே அத்தை ஸ்ட்ரைக்கரை இடது கைக்கு மாற்றிக்கொள்வாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்தவர் அவர். இடது கை ஆட்டக்காரர். அடுத்த போட்டியில் சித்தப்பாவுக்கு எதிரே யார் உட்காரப் போகிறார்களோ அவராக அத்தை முந்தின வாரமே மாறிவிடுவாள். பட்டாபிராம் பெரியவர் என்றால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வெகு நேரம் யோசிப்பாள். கொரட்டூர் பையன் என்றால் குறிகூடப் பார்க்காமல் படபடவென்று அடிப்பாள். போட்டி நடக்கும் இடங்களுக்குச் சித்தப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறவள் அவள்தான். போன இடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பாள். பார்த்ததெல்லாம் அவள் விரலுக்கு வந்துவிடும்.

இப்படியாக அந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் பலமுறை தோற்றார்கள். அத்தை தோற்றாள் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. "இன்னிக்கிப் பூந்தமல்லிக்காரன் அவுட்டு" என்றுதான் சித்தப்பா சொல்வார். அத்தையும் சிரித்துக்கொண்டே எழுந்து அம்மாவுக்கு உதவி செய்யப் போய்விடுவாள்.

போட்டிகளில் இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. சித்தப்பாவின் பார்வை விழுகிற இடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஜாடை எதுவும் கிடையாது. ஆனால் நிமிர்ந்து பார்க்கும்போது அவள் அங்கே இல்லாவிட்டால் சித்தப்பாவுக்கு விரல் நிற்காது.

ஒருநாள் அம்பத்தூர் கேரம் சங்கத்துக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுக்கப் போகிறார்கள், அதற்கு ஆள் பார்ப்பதே சங்கத்துப் போட்டியில்தான் என்று சொன்னார்.

"ஆம்பளையில ஒர்த்தரு, பொம்பளையில ஒர்த்தரு எடுக்குறாங்க தம்பி. பொம்பளைங்க பேருதான் கம்மியா கீது. உன் தங்கச்சி பேரப் போட்டுக்கட்டா? சும்மா ஒப்புக்கு."

"போட்டுக்க அண்ணாத்தே. எப்டியும் எனக்குச் சோறு எடுத்துகினு வரத்தானே போறா" என்றார் சித்தப்பா.

அத்தை அப்போது சமையலறையில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என்னையும் கூட்டிப் போனார்கள். மேடைப் பக்கம் ஆண்கள், வாசல் பக்கம் பெண்கள். ஒவ்வொரு பலகைக்கும் மேலே ஒரு குண்டு பல்பு தாழத் தொங்கியது. அத்தை சாப்பாட்டுக் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

முதல் ஆட்டத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே ஜெயித்தாள். அடுத்த ஆட்டத்தில் கொரட்டூர் பையனாக மாறி ஜெயித்தாள். அது யார் யார் என்று எனக்கு மட்டும் தெரியும் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. சாப்பாட்டு நேரம் முடிந்தபோது அத்தை கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தாள். அதே நேரத்தில் மேடைப் பக்கம் சித்தப்பாவும் கடைசி ஆட்டத்தில் உட்கார்ந்தார். அவருக்கு எதிரே பூந்தமல்லிக்காரர்.

அத்தைக்கு எதிரே பெரம்பூரிலிருந்து வந்த பெண். கண்ணாடி போட்டு, சிரிக்காமல் ஆடுகிறவள். அத்தை இடது கையால் ஆடிப் பார்த்தாள். முதல் செட் போய்விட்டது. இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்துவிடும். அத்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். பிறகு ஸ்ட்ரைக்கரை வலது கையில் எடுத்து ஆட ஆரம்பித்தாள்.

அது யாருடைய ஆட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. வேகமும் இல்லை, யோசனையும் இல்லை. காய்கள் தட்டுப்படும் சத்தம்கூடச் சின்னதாகத்தான் கேட்டது. ஒவ்வொரு காயும் போகிற வழியில் அடுத்த காயை லேசாக நகர்த்தி வைத்துவிட்டுப் போயிற்று. இரண்டாவது செட் அத்தைக்கு வந்தது. பெரம்பூர்ப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா மேடையிலிருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவருக்கும் ஒரு செட் போய், ஒரு செட் வந்திருந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அத்தைய இட்டுகினு வா. இங்க எதிர்ல வந்து ஒக்காரச் சொல்லு."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தையின் விரல் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இருந்தது. தலை நிமிரவில்லை.

"ஆடிகினு கீறேன்னு சொல்லு."

நான் புரியாமல் அங்கேயே நின்றேன்.

"போ கண்ணு. போய்ச் சொல்லு."

சொன்னேன். "ஆடிகினு கீறாளா" என்று சித்தப்பா தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தெரியாத ஊரிலிருந்து வந்த சேதியைக் கேட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தார். எதிராளிக்குப் பின்னால் காலியாக இருந்த நாற்காலியை அவர் அடிக்கடி நிமிர்ந்து பார்த்ததை நான் வாசல் பக்கத்திலிருந்து கவனித்தேன். கடைசி செட்டில் ரெட் காயைப் போட்டுவிட்டு, அதற்குத் துணையாகப் போட வேண்டிய சுலபமான காயைத் தவறவிட்டார். பூந்தமல்லிக்காரர் தவறவிடவில்லை.

அத்தை ஜெயித்தாள்.

ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம். திருமுல்லைவாயலில் கூட்டம் ஏறியபோது சித்தப்பா எழுந்து யாரோ ஒரு அம்மாவுக்கு இடம் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றார். அத்தை கோப்பையைச் சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தாள். ஜெயித்து வாங்கியதை எதற்கு மறைக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அத்தையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவன் கூப்ட்டப்போ ஒரு நிமிசம் போயிருந்தா இன்னா கொறஞ்சி பூடும்? வேல தேவப்படறது அவனுக்கு."

"அவளும் ஆடத்தானே போனா" என்றாள் அம்மா, தட்டு வைத்துக்கொண்டே.

"வுடுண்ணே. தோத்தது நானு" என்றார் சித்தப்பா.

அதற்கப்புறம் கேரம் பலகை பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. சாயங்காலம் அத்தை வந்து முகம் கழுவிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாதவள் போல ஈரக் கையோடு நிற்பாள். பிறகு என் பள்ளிக்கூடத்துப் பாவாடைக்குக் கொக்கி தைப்பாள். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றவர்களும் மெல்ல வராமல் போனார்கள்.

சில வாரம் கழித்துச் சங்கத்துக்காரர் மறுபடியும் ஸ்கூட்டரில் வந்தார். அத்தையை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றார். அப்பா அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அத்தை முற்றத்துக் குழாயடியில் துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் சித்தப்பா பலகையை வெளியே எடுத்தார். துடைத்து, பவுடர் தூவி, காய்களைத் தானே அடுக்கினார்.

"ஒக்காரு" என்றார்.

அத்தை உட்கார்ந்தாள். "யாருண்ணே?"

"யாரும் இல்ல. அன்னிக்கி அங்க ஒண்ணு ஆடினியாமே, அத ஆடு."

"வேணாண்ணே."

"ஆடு பாப்பா."

முதல் அடியை அவளுக்கே கொடுத்தார். அத்தை அடித்தாள். காய்கள் கலைந்து ஒரு வெள்ளை குழியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. சித்தப்பா முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாக அவிழ்ந்து பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. நடுவில் ரெட் போயிற்று, அதற்குத் துணைக்காயும் போயிற்று. கடைசி வெள்ளை மெதுவாக உருண்டு, விளிம்பில் நிற்பது போல நின்று, உள்ளே விழுந்தது. சித்தப்பாவின் கறுப்புக் காய்கள் அத்தனையும் பலகையிலேயே கிடந்தன. அவர் ஸ்ட்ரைக்கரைத் தொடவே இல்லை.

"இத்தினி நாளா இத எங்க வச்சிகினு இருந்த?" என்று கேட்டார்.

"நீ கேக்கலியேண்ணே."

சித்தப்பா தலையாட்டினார். "ஆமா. கேக்கல."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அதுதான் அவர்கள் சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டம். அத்தை காலை ரயிலில் பட்டணத்துக்கு வேலைக்குப் போய், அலுவலகத்துக்காக எத்தனையோ ஊர்களில் ஆடினாள். சித்தப்பா எஸ்டேட்டில் லேத் வேலையில் சேர்ந்தார். யாராவது கேரம் ஆடக் கூப்பிட்டால் கண் சரியில்லை என்று சொல்லிவிடுவார். அத்தனை வருடமாகத் தான் தினமும் ஜெயித்தது அத்தையை அல்ல என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அத்தைக்கும் தெரிந்துபோயிற்று.

அன்றைக்குப் பலகை பக்கத்தில் நின்ற எனக்கு எதுவும் தெரியவில்லை. ஜெயித்தவள் ஏன் அழுகிறாள், தோற்றவர் ஏன் பக்கத்தில் வந்து அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவ்வளவு நேரம் விடாமல் அடித்ததில் விரல் வலித்திருக்கும் என்று தோன்றியது. உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து அத்தையின் கையைப் பிடித்தேன். விரலில் சிவப்புகூட இல்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"நல்லா தேச்சிவுடு" என்றார் சித்தப்பா. நான் தேய்த்துவிட்டேன்.