நூற்று முப்பதில் திரும்பியவள்

என் தங்கைக்கு, நாங்கள் வேலை பார்க்கும் முக்குளிப்புக் கடையில் வைத்த பட்டப்பெயர் ‘நிமிஷம்’. வீட்டில் முட்டை வேகவைக்கக்கூட, முக்குளிக்கும்போது கட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். பள்ளியில் கணக்குப் பாடத்தில் மூன்று தடவை கோட்டை விட்டவள். இன்று அவள் போடும் கணக்கை நம்பித்தான் சுற்றுலா ஆட்கள் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் குதிக்கிறார்கள். அதே கடையில் ரப்பர் உடைகளை அலசிக் கிழிசல் ஒட்டுபவள் நான். அவள் பெருமையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எங்கள் கடை ஆட்கள் யாரும் அதுவரை இறங்காத இடத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடந்தது. அதைப் படம் பிடிக்க ஒரு புகைப்படக்காரர் வந்தார். ஆழம் எவ்வளவு என்று கேட்டதற்குப் படகோட்டி, “பத்து பாகம்” என்றார். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். நிமிஷம் சும்மா விடுவாளா? அவரைக் கடை நடுவில் நிறுத்தி, கைகளை விரிக்கச் சொல்லி டேப்பால் அளந்தாள்.

“சட்டை தைக்கப் போறியாம்மா?” என்றார் அவர்.

பதினாறு மீட்டர் என்று கணக்கு வந்தது. நாற்பது நிமிடத்துக்குத் திட்டம் போட்டாள்.

மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போனதும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தாள். குண்டு தரை தட்டியபோது பத்தொன்பதரை மீட்டர்.

“என்னண்ணே இது? பத்து பாகம்னீங்க?”

“பத்து பாகம்தாம்மா. ஆனா அளந்தது நான் இல்லையே, எங்கப்பா. அவரு எந்த வாசல்லயும் குனிஞ்சுதான் வருவாரு. நான் எங்கம்மா உயரம்.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. “தப்பு என்னோடதுதான், யாரு அளந்தாங்கன்னு கேக்கல” என்று பலகையில் எழுதியிருந்த திட்டத்தை அழித்தாள். ஆழம் கூடினால் காற்று சீக்கிரம் தீரும். நாற்பது நிமிடம் முப்பதாயிற்று. சிலிண்டரில் மீதிக் காற்றைக் காட்டும் காற்றுமானியின் முள் இருநூறில் தொடங்கும். அவள், புகைப்படக்காரர் இருவரில் யாருடையது நூற்று முப்பதைத் தொட்டாலும் இருவரும் திரும்ப வேண்டும். அதையும், மேலே வந்துவிட வேண்டிய கடைசி நேரத்தையும் ஓர் அட்டையில் எழுதி என் கையில் கொடுத்தாள்.

“ஒன்பது ஐம்பதுக்கு நாங்க மேல இல்லன்னா உதவிக்குக் கூப்பிடுக்கா.”

கூடவே வந்திருந்த முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “மொதல்ல கப்பலைப் பாரு, அப்புறம் முள்ளைப் பாக்கலாம். இன்னைக்குப் படம் கெடச்சா நீதான் தலைமை வழிகாட்டி.”

ஆறு வருடமாக அவள் காத்திருந்த வேலை அது.

“கீழ போனா ஆசை வந்துடும் சார். அதான் மேலயே எழுதிடறேன்” என்று சொல்லிவிட்டு, ஒன்பதேகாலுக்குப் புகைப்படக்காரருடன் இறங்கினாள்.

ஒன்பது நாற்பத்தைந்து ஆகியும் தண்ணீரில் ஒரு தலையும் தெரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன பதவிக்கு ஆசைப்பட்டுவிடாதேடி என்று உள்ளுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்பது நாற்பத்தொன்பதுக்கு இரண்டு தலைகள் மேலே வந்தன.

புகைப்படக்காரர் படகில் ஏறியதும் வெடித்தார். “கண்ணு முன்னாடி கப்பல்! இன்னும் இருபதடிதான்! திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க!”

முதலாளியின் முகம் கடுகடுத்தது. “ஆறு வருஷம் கத்துக்கிட்டது இதானா?”

அவள் புகைப்படக்காரரின் காற்றுமானியை இழுத்து இருவருக்கும் காட்டினாள். முள் நாற்பதில் நின்றது. ஐம்பது மீதி இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி.

“கயிறு கப்பலுக்குத் தள்ளி விழுந்துடுச்சு, நீந்திப் போறதுக்குள்ள இவரோடதுதான் மொதல்ல நூத்தி முப்பதத் தொட்டுச்சு. திரும்பறப்ப நீரோட்டம் எதிர்ல மாறிடுச்சு.”

புகைப்படக்காரர் அந்த முள்ளையே வெகுநேரம் பார்த்தார். கேமராவைப் பார்த்த மும்முரத்தில் அவர் இதைப் பார்க்கவே இல்லை. பிறகு முதலாளியிடம் சொன்னார்: “நாளைக்கும் வரேன். ஆனா இவங்க இல்லாம இறங்க மாட்டேன்.”

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அப்ப நாளைக்குக் கயித்தை எங்க போடலாம், தலைமை வழிகாட்டியம்மா?”

“கப்பல் பக்கத்துலயே சார். ஆனா ஆழத்த மறுபடி அளக்கணும்” என்றாள் நிமிஷம்.

அந்த அட்டையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவள் எழுதிய ஒன்பது ஐம்பதுக்குக் கீழே ஒன்பது நாற்பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் மார்க்கும் போட்டேன். நூற்றுக்கு நூறு.